ரிவேர்ஸ் ஹோர்னும் ஒரு விண்கப்பலும்: திருகோணமலை முகாமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலையில் தொழிற்சாலை, களஞ்சியசாலை, துறைமுக வேலைத்தளம் நடத்துகிற முகாமையாளர்களுக்கும், அவற்றின் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும், வருடத்துக்கு ஒருமுறை கொம்ப்ளையன்ஸ், அதாவது விதிகளைப் பின்பற்றும் பயிற்சி நடத்த வருகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் இந்த ஊரிலேயே பிறந்து, இங்கேயே படித்து, பன்னிரண்டு வருடமாகக் களஞ்சியசாலை எழுதுவினைஞராக வேலை செய்து வருகிறேன். இதுவரை மூன்று இடம். எந்தெந்த இடம் என்று எழுத மாட்டேன், ஏனென்றால் நான் சொல்லப் போகும் விஷயம் எங்கேயும் நடக்கக்கூடியது, ஒரு பெயரைப் போட்டுவிட்டால் மற்ற எல்லோரும் ‘நல்லவேளை, இது நாங்கள் இல்லை’ என்று தங்கள் பாட்டைப் பார்க்கப் போய்விடுவீர்கள்.

மூன்று இடத்திலும் உங்கள் பயிற்சிகளுக்கு வந்திருக்கிறேன். உப்புவெளிப் பக்கம் ஏதாவது ஒரு ஹோட்டல் ஹோல், காலை எட்டரைக்குப் பதிவு, ஆங்கிலத்தில் சிலைட், பேசுகிறவர் பாதி ஆங்கிலத்திலும் பாதி சிங்களத்திலும் சொல்ல எங்களில் ஒருவர் எழும்பித் தமிழில் சுருக்கிச் சொல்வார், பத்தரைக்கு ரோல்ஸும் தேநீரும், பின்னேரம் ஒரு தாளில் ‘நடத்தைக் கோவையை வாசித்து விளங்கிக்கொண்டேன்’ என்று கையொப்பம். வந்து பேசியவர்கள் கெட்டிக்காரர்கள், அக்கறையோடுதான் பேசினார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அத்தனை நாளிலும் ஒருவர்கூட எங்களிடம் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: உன்னோடு ஒன்றாக இருந்து சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒரு பொய்யில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வரும்போது, பேனை உன் கைக்கு வந்தால் என்ன செய்வாய்?

அந்தக் கேள்வியை என்னிடம் முதன்முதலாகக் கேட்டது ஒரு பழைய ரீவி நாடகம். கேட்டபோது காலம் கடந்திருந்தது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

2018 இல் நான் இருந்த இடத்தில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் இருந்தது. அதன் பக்கத்துத் தூணில் ஒரு கிளிப்போர்ட் தொங்கும். அதிலே மாதத்துக்கு ஒரு தாள். இடது பக்கம் மேலிருந்து கீழாக டயர், பிரேக், லைட், சங்கிலி, ஒயில் கசிவு, ஹோர்ன், ரிவேர்ஸ் ஹோர்ன் என்று எழுதியிருக்கும், மேலே ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை நாள் இலக்கம். ஒவ்வொரு காலையும் ஓடுகிறவர் பார்த்துச் சரி போட வேண்டும். அவருக்கு நேரமில்லை, லொறிகள் வரிசையில் நிற்கும். மாதக் கடைசியில் தாளை ஃபைல் பண்ணுவது என் வேலை, அதனால் மாதக் கடைசியில் நானே உட்கார்ந்து எல்லாப் பெட்டிக்கும் சரி போட்டுவிடுவேன். ஒரே நீலப் பேனை, ஒரே சாய்வு. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, எனக்கு முன் இருந்தவரும் அப்படித்தான் செய்தார், அவ்வளவுதான். பிறகு ஒருநாள் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தபோது போயா தினத்துக்கும் நான் சரி போட்டிருந்தேன். அன்றைக்குக் கேற்றே திறக்கவில்லை.

வண்டி பின்னால் போகும்போது அடிக்க வேண்டிய ரிவேர்ஸ் ஹோர்ன் பல கிழமையாக வேலை செய்யவில்லை. வயர் ஒன்று அறுந்திருந்தது. ஒரு பின்னேரம், ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்திருந்த மூதூர்ப் பெடியன் ஒருவர் பலகைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நிற்க, ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வந்தது. அவருடைய வலது கை தட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் அகப்பட்டது. இரண்டு விரல் இப்போதும் மடங்காது.

அடுத்த நாள் காலை விசாரணை. மேற்பார்வையாளர், ஓடுகிறவர், அங்கே நின்ற இன்னும் இரண்டு பேர், நான். கூற்று ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்து தயாராக இருந்தது. அதில் இருந்தது இதுதான்: அடிபட்டவர் மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்றார், ஹோர்ன் அடித்தது, அவர் கவனிக்கவில்லை. யாரும் யாரையும் மிரட்டவில்லை, அதை நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மேற்பார்வையாளர் நல்ல மனிதர், எனக்கு வேலை பழக்கியவர், அவருக்கு மூன்று பிள்ளைகள். ‘ஹோர்ன் வேலை செய்யவில்லை என்று எழுதினால் ஓடினவனுக்கும் வேலை போகும், எனக்கும் போகும், உன்னுடைய தாளிலும் சரி போட்டிருக்குத்தானே தம்பி’ என்றார். பேனை சுற்றி வந்தது. நானும் போட்டேன்.

வேலைத்தள விபத்தில் ஒருவருக்கு மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனால் தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதகப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அதே வருடம் ஏப்ரல் 9 ஆம் திகதிதான் ஜப்பானிய விமானங்கள் நம்முடைய துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்டன, அவ்வளவு பழைய சட்டம். நாங்கள் அறிவித்தோம், ஒழுங்காகவே. படிவத்தில் எல்லாப் பகுதியும் நிரப்பியிருந்தது, திகதி சரி, கையொப்பம் சரி. கணக்காய்வுக்கு வந்தவர்கள் அந்த ஃபைலைப் பார்த்துப் பாராட்டிவிட்டும் போனார்கள்.

மூன்று கிழமை கழித்து அடிபட்ட பெடியனுடைய அப்பா கிண்ணியாப் பாலத்தால் பஸ் பிடித்து வந்தார். ஒரு சொப்பிங் பைக்குள் மகனுடைய பாதுகாப்புச் சப்பாத்தும் ஹெல்மெட்டும். சப்பாத்தைக் கழுவிக் காய வைத்து, நாடாவைச் சுருட்டி உள்ளே வைத்திருந்தார். கொம்பனிச் சாமான், திருப்பித் தர வேண்டும் என்று நினைத்து வந்திருக்கிறார். என் மேசையில் வைத்துவிட்டு, ‘தம்பி, மகனால உங்களுக்கெல்லாம் கரைச்சலாப் போச்சு, குறை நினைக்க வேண்டாம்’ என்றார். நான் எழும்பி நின்று பையை வாங்கிப் பதிவுப் புத்தகத்தில் ‘சப்பாத்து ஒரு சோடி, ஹெல்மெட் ஒன்று’ என்று எழுதினேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டார்கள். வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. கனடாவில் இருக்கும் மாமா முன்னர் ஊருக்கு வந்தபோது விட்டுப்போன ஹார்ட் டிரைவ் ஒன்றில் ‘ஸ்டார் ட்ரெக்’ முழுவதும் இருந்தது. 1966 இல் அமெரிக்காவில் ஜீன் ரோடன்பெரி தொடங்கிய பழைய தொடர், மூன்று பருவம், 79 பகுதி. அதன் பிறகு 1987 முதல் 1994 வரை வந்த ‘த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’, 178 பகுதி. அட்டை அட்டையாகத் தெரியும் பாறைகள், கலர் கலராகச் சட்டை, முதல் இரண்டு நாள் எனக்குப் பிடிக்கவே இல்லை. பிறகு விட முடியவில்லை.

(விஞ்ஞானப் புனைகதை என்றதும் அது எங்கேயோ அமெரிக்காக்காரர் விஷயம் என்று நினைக்க வேண்டாம். அந்தத் துறையின் பெரிய எழுத்தாளர்களில் ஒருவரான ஆர்தர் சி. கிளார்க் 1956 இல் இலங்கைக்கு வந்து கடைசிவரை இங்கேயே வாழ்ந்தவர். நம்முடைய கோணேசர் மலையடியில் கடலுக்குள் இறங்கி, பழைய கோவிலின் தூண்களைத் தேடிப் பார்த்தவர்.)

1992 மார்ச்சில் ஒளிபரப்பான ஒரு பகுதிக்கு ‘த ஃபர்ஸ்ட் டியூட்டி’ என்று பெயர், முதற் கடமை. விண்படைப் பயிற்சிக் கல்லூரியில் நோவா அணி என்று ஐந்து மாணவர்கள். எல்லோருக்கும் அவர்களைப் பிடிக்கும். பட்டமளிப்பு விழாவுக்குச் சாகசப் பறப்பு காட்டுவதற்காகச் சனிக் கோளுக்குப் பக்கத்தில் பயிற்சி எடுக்கும்போது விபத்து, ஜோஷுவா அல்பேர்ட் என்ற மாணவர் இறந்துபோகிறார். விசாரணையில் மற்ற நால்வரும் ஒரே கதையைச் சொல்கிறார்கள்: ஜோஷுவா பதற்றப்பட்டார், அணிவகுப்பை விட்டு விலகினார், அதனால் மோதியது. உண்மை என்னவென்றால், நூறு வருடத்துக்கு முன்பே ஐந்து பேரைக் கொன்று, அதனால் தடைசெய்யப்பட்ட ஒரு சாகசத்தை அவர்கள் இரகசியமாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். தலைவன் லொகார்னோ கெட்டவன் இல்லை. அணியைக் காப்பாற்ற வேண்டும் என்கிறான், நாங்கள் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிறான். எங்கள் மேற்பார்வையாளரின் குரலிலேயே அவன் பேசினான்.

பிறகு இறந்த மாணவனின் அப்பா வருகிறார். உயிர் தப்பிய வெஸ்லி என்ற பையனைப் பார்த்து, என் மகன் உங்கள் எல்லோரையும் கைவிட்டுவிட்டான், அதற்காக வருந்துகிறேன் என்று மன்னிப்புக் கேட்கிறார்.

நான் அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். வெளியே போய் முற்றத்தில் நின்றேன். நாடாவைச் சுருட்டி வைத்த அந்தச் சப்பாத்துத்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. மிச்சத்தை அடுத்த நாள்தான் பார்க்க முடிந்தது.

மிச்சத்தில் கப்பல் தலைவர் பிக்கார்ட் வெஸ்லியைக் கூப்பிட்டுப் பேசுகிறார். விண்படை அதிகாரி ஒவ்வொருவரின் முதற் கடமையும் உண்மைக்குத்தான், அது விஞ்ஞான உண்மையோ, வரலாற்று உண்மையோ, சொந்த வாழ்க்கையின் உண்மையோ, எதுவானாலும், என்கிறார். எழும்பி நின்று நடந்ததைச் சொல்ல முடியாவிட்டால் அந்தச் சீருடையைப் போட உனக்குத் தகுதி இல்லை என்கிறார். வெஸ்லி சொல்கிறான். ஆனால் சொன்ன பிறகு யாரும் கை தட்டவில்லை, எனக்கு அந்தப் பகுதியில் மிகவும் பிடித்தது அதுதான். லொகார்னோ பழியைத் தான் ஏற்றுக் கல்லூரியை விட்டு விலக்கப்படுகிறான், மற்றவர்களுக்கு ஒரு வருடம் போய்விடுகிறது. இனி வரும் நாட்கள் கஷ்டமாகத்தான் இருக்கும், கூடப் படித்தவர்கள் முன்னே போக நீ இங்கேயே நிற்பாய், நீ செய்தது எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று பிக்கார்ட் அவனிடம் மறைக்காமல் சொல்கிறார். உங்கள் சிலைட்டில் ‘துணிந்து பேசுங்கள்’ என்று எழுதியிருக்கும் இடத்தில் இந்த விலை எழுதியிருக்கவில்லை. எங்களுக்கு அது தெரியும். யார்டில் நிற்கும் கடைசிக் கூலியாளுக்கும் தெரியும்.

பழைய தொடரில், 1967 பெப்ரவரியில் வந்த ‘எ டேஸ்ட் ஒஃப் ஆர்மகெடோன்’ என்ற பகுதியையும் நீங்கள் பார்க்க வேண்டும். இரண்டு கோள்கள் ஐந்நூறு வருடமாக யுத்தம் செய்கின்றன, ஆனால் ஒரு கட்டடம்கூட இடியவில்லை, ஏனென்றால் யுத்தம் கணினிக்குள் நடக்கிறது. குண்டு விழுந்ததாகக் கணினி கணக்குப் போடும், இன்னார் இன்னார் இறந்தார்கள் என்று பட்டியல் வரும், அவர்கள் இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் தாங்களே நடந்துபோய் ஒரு அறைக்குள் ஏறிச் சாக வேண்டும். எல்லோரும் ஒழுங்காகப் போகிறார்கள். பதிவேடு சுத்தம். யுத்தம் இவ்வளவு சுத்தமாக இருப்பதால்தான் அதை நிறுத்த வேண்டும் என்று ஐந்நூறு வருடமாக யாருக்கும் தோன்றவில்லை. பழைய தொடரின் கப்பல் தலைவர் கேர்க் அந்தக் கணினிகளை உடைத்துவிடுகிறார். இனி உண்மையான குண்டு, உண்மையான இரத்தம், அந்தப் பயத்தில்தான் இரண்டு பக்கமும் பேசத் தொடங்குகிறது.

யுத்தத்தை நேரில் கண்ட ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதை வேறு மாதிரியும் உறைக்கும், அதை இங்கே விரிக்கவில்லை. நான் பார்த்தது கிளிப்போர்டைத்தான். அந்தக் கோளில் தாளில் செத்தவன் நேரில் சாக வேண்டும். நம்மிடம் தாளில் ஹோர்ன் அடித்தால் போதும், யார்டில் அடிக்க வேண்டியதில்லை. அந்தத் தாளை மாதாமாதம் பார்த்தவர்கள் இருந்தார்கள், முப்பத்தொரு நாளும் ஒரு கோளாறுகூட இல்லாத இயந்திரம் உலகத்தில் இருக்குமா என்று ஒருவராவது என்னைக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். சத்தியமாக அன்றைக்கே உடைந்து சொல்லியிருப்பேன். நான் ஒன்றும் பெரிய பொய்க்காரன் இல்லை, என்னை யாரும் கேட்கவில்லை.

சரி, இது ரீவி நாடகம், வாழ்க்கை வேறு என்று உங்களில் ஒருவர் சொல்லக்கூடும். அவருக்கு இதைச் சொல்ல வேண்டும். பழைய ‘ஸ்டார் ட்ரெக்’கில் உஹுராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ், தொடர் முடிந்த பிறகு 1970களின் பின்பாதியில் நாசாவுக்காகப் பெண்களையும் கறுப்பினத்தவர்களையும் விண்வெளி வீரர்களாக விண்ணப்பிக்கச் சொல்லி ஊர் ஊராகப் போனவர். 1978 இல் தெரிவானவர்களில் ஜூடித் ரெஸ்னிக்கும் ரொனால்ட் மக்நேரும் இருந்தார்கள். 1986 ஜனவரி 28 ஆம் திகதி செலஞ்சர் விண்ணோடம் புறப்பட்டு 73 செக்கனில் உடைந்து சிதறியபோது அந்த இரண்டு பேரும் உள்ளே இருந்தார்கள். மொத்தம் ஏழு பேர். காரணம் ஒரு இறப்பர் வளையம், குளிரில் விறைத்து, வாயுவைத் தடுக்க முடியாமல் போனது. வளையம் இப்படித் தோற்றால் உயிர்கள் போகும் என்று பொறியியலாளர் ரொஜர் பொய்ஸ்ஜொலி அதற்கு ஆறு மாதம் முன்னரே எழுத்தில் கொடுத்திருந்தார். புறப்படுவதற்கு முந்தைய இரவும் அவரும் சகாக்களும் வேண்டாம் என்றுதான் வாதாடினார்கள். அந்தக் கூட்டத்தில் மூத்த முகாமையாளர் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து, பொறியியலாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு முகாமையாளர் தொப்பியைப் போட்டுக்கொள் என்று சொன்னது விசாரணைக்குழுவின் முன் வந்த சாட்சியத்திலேயே இருக்கிறது. விதி தெரியாதவர்கள் ஒருவரும் அந்த அறையில் இருக்கவில்லை.

ஒரு வளையம், ஒரு வயர். பெரிய விபத்துக்குப் பின்னால் நூறு ரூபாய்ச் சாமான் ஒன்று இருக்கும், அதைப் பற்றி முதலே சொன்ன ஒருவரும் இருப்பார்.

இப்போது எனக்கு மிகவும் கோபம் வருகிற இடத்துக்கு வருகிறேன். எங்கள் விபத்துக்குப் பிறகு யாரோ அந்த ஃபோர்க்லிஃப்டின் அறுந்த வயரைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். படம் தலைமை அலுவலகம் வரை போயிருக்கிறது. அதன் பிறகு ஒரு மாதம் நடந்த விசாரணையைப் போல ஒரு விசாரணை நான் கண்டதில்லை. விபத்துக்கு ஒரு காலைதான் ஒதுக்கினார்கள், படத்துக்கு ஒரு மாதம். யார் எடுத்தது, யாருடைய போன், யார் யாரோடு கதைக்கிறவர், எந்த ஊர், யாருடைய ஆள். திருகோணமலையில் ‘எந்த ஊர்’ என்று ஒரு அலுவலக அறைக்குள் கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பேரும் ஒரே மேசையில் சோற்றுப் பார்சல் பிரித்த இடம் அது, அந்த மாதத்துக்குப் பிறகு மூன்று மேசையானது. கடைசியில் வேறொரு சின்னக் காரணத்தைச் சொல்லி ஒருவரை நிற்பாட்டினார்கள். படம் எடுத்தது அவர் இல்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

1991 ஏப்ரலில் வந்த ‘த ட்ரம்ஹெட்’ பகுதி இதைத்தான் சொல்கிறது. கப்பலின் இயந்திர அறையில் ஒரு வெடிப்பு. சதியைக் கண்டுபிடிக்க நோரா சாட்டி என்ற ஓய்வுபெற்ற அட்மிரல் வருகிறார், பெரிய பெயர் எடுத்தவர், நேர்மையானவர் என்று எல்லோரும் மதிக்கிறவர். கப்பலில் ஒரு உளவாளி இருந்தது உண்மை, அவன் பிடிபட்டும் விட்டான், ஆனால் வெடிப்பு அவன் வேலை இல்லை. பொறியியலாளர்கள் ஆராய்ந்து பார்த்தால் மாற்றிப் போட்ட ஒரு மூடியில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புக்கோடு இருந்திருக்கிறது. பழுதான உதிரிப்பாகம், அவ்வளவுதான். விசாரணை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சைமன் டார்சஸ் என்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் அகப்படுகிறார். விண்ணப்பப் படிவத்தில் தன் தாத்தா எந்த இனம் என்பதை மாற்றி எழுதியிருக்கிறார், தாத்தா எதிரி இனம். அந்த ஒரு பொய்யை வைத்து அவரைக் கிழிக்கிறார்கள், பிறகு அவருக்காகப் பேசிய பிக்கார்டையே கூண்டில் ஏற்றுகிறார்கள். சாட்டி கடைசியில் எல்லோர் முன்னாலும் கத்தித் தன்னை வெளிக்காட்டிக்கொள்ளும்போது, மேற்பார்வைக்கு வந்த இன்னொரு அட்மிரல் ஒரு வார்த்தை பேசாமல் எழும்பி வெளியே போகிறார். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு இருந்தார் அவரும்.

நெறிமுறைப் பிரிவில் இருக்கும் உங்களைக் கேட்கிறேன், உங்கள் பயிற்சியில் இந்தப் பக்கத்தைப் பற்றி எப்போதாவது பேசியிருக்கிறீர்களா? விதியை மீறும் ஊழியரைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிறீர்கள். விதியைக் கையில் வைத்துக்கொண்டு ஆளை வேட்டையாடும் அதிகாரியைப் பற்றி ஒரு சிலைட் உண்டா? விபத்து விசாரணை என்றால் வயர் ஏன் அறுந்தது, யார் முதலில் சொன்னது, சொன்ன பிறகு என்ன நடந்தது, இந்த மூன்றையும் கேட்டால் போதும். ‘யார் படம் எடுத்தது’ என்ற கேள்வி வாயிலிருந்து வந்த நேரமே அது வேறு விசாரணையாகிவிட்டது.

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். 1967 மார்ச்சில் வந்த ‘த டெவில் இன் த டார்க்’ பகுதியில் ஒரு சுரங்கத்துக்குள் தொழிலாளர்களை ஒரு மிருகம் கொல்லும், உற்பத்தி குறைகிறது என்று எல்லோரும் துப்பாக்கியோடு தேடுவார்கள், பிறகு பார்த்தால் அவர்கள் வழியில் கிடந்த கல் உருண்டைகள் என்று நினைத்து உடைத்துப் போட்டது எல்லாம் அதன் முட்டைகள். அது ஒரு தாய். வேலைத்தளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சனம் தூசு, மணம், கழிவுத் தண்ணீர் என்று முறைப்பாட்டோடு கேற்றுக்கு வரும்போது, செக்கியூரிட்டியைக் கூப்பிடுவதற்கு முன் இந்தக் கதையை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறையில் வாங்கும் இலஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கிறது, தகவல் தருபவருக்குப் பாதுகாப்பும் சொல்கிறது. அது இலஞ்சம் ஊழலுக்கானது, அறுந்த வயருக்கு இல்லை என்று தெரியும். ஆனால் சொல்கிறவனைக் காக்க வேண்டும் என்று நாடே எழுதி வைத்திருக்கும்போது, ஒரு களஞ்சியசாலை அதைத் தன் அளவில் செய்ய என்ன தடை?

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. சரிபார்ப்புத் தாளில் பிழை என்று போட்டவரைத் திட்டாதீர்கள், எல்லாமே சரி என்று வரும் மாதத்தில்தான் கூப்பிட்டுக் கேளுங்கள். விபத்து நடந்தால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, அவரவர் மொழியில், மேற்பார்வையாளர் அறையில் இல்லாத நேரம் கூற்றை எடுங்கள், எடுத்ததை அதே மொழியில் வாசித்துக் காட்டிய பிறகு கையொப்பம் கேளுங்கள். அடிபட்டவருடைய கூற்றை முதலில் எடுங்கள், வைத்தியசாலைக் கட்டிலுக்குப் போயாவது எடுங்கள். எங்கள் விசாரணையில் அவரைத் தவிர எல்லோரும் இருந்தோம். ஒப்பந்தக்காரரின் ஆள், எங்கள் ஆள் இல்லை என்று விட்டுவிட்டோம்.

அப்புறம், அடுத்த பயிற்சியில் பின்னேரம் ஒரு மணித்தியாலம் சிலைட்டை நிறுத்திவிட்டு ‘த ஃபர்ஸ்ட் டியூட்டி’யைப் போடுங்கள். நாற்பத்தைந்து நிமிடம்தான். ஏன் நாடகம் என்று கேட்டால், நடத்தைக் கோவையை வாசிக்கும்போது நாம் எல்லோரும் நல்லவர்களாகவே நம்மை நினைத்துக்கொள்கிறோம். நாடகத்தில் நல்ல பையன்கள் நான்கு பேர், ஒருவரில் ஒருவர் உயிரையே வைத்திருப்பவர்கள், அந்த அன்பினாலேயே பொய் சொல்வதைப் பார்க்கும்போதுதான் தன் கையில் இருந்த பேனை ஞாபகம் வரும். எனக்கு வந்தது. முகாமையாளர்களும் உட்கார்ந்து பார்க்க வேண்டும், ஆட்களை மட்டும் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகக் கூடாது.

போன வருடம் நான் அடிபட்டவரைப் பார்க்க மூதூருக்குப் போனேன். அவர் இப்போது ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறார், இடது கையால் எழுதப் பழகியிருக்கிறார். நடந்ததை நடந்தபடியே தமிழில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளை அவரிடம் கொடுத்தேன். எங்கே கொண்டுபோனாலும் சாட்சி சொல்ல வருகிறேன் என்றேன். அவர் ஆறுதலாக வாசித்தார். இரண்டாம் தடவையும் வாசித்தார். பிறகு, ‘அண்ணை, அந்த ஹோர்ன் வேலை செய்யேல்லை எண்டு முதல் முதல் சொன்னதே நான்தானே, உங்களுக்குத் தெரியாதா?’ என்று கேட்டார். விபத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னம் மேற்பார்வையாளரிடம் வாயால் சொல்லியிருக்கிறார். எழுதி வைக்க ஒரு புத்தகம் இருக்கவில்லை, ஒப்பந்தக்காரரின் ஆளுக்குக் கிளிப்போர்டைத் தொட அனுமதியும் இல்லை. எனக்குத் தெரியாது. என் தாளில் சரி என்றுதானே இருந்தது.

அவருடைய அப்பா உள்ளேயிருந்து தேநீர் கொண்டுவந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை.

உங்களில் யாராவது அந்தப் பகுதியைப் போட விரும்பினால் என்னிடம் இருக்கிறது. கதையைத் தமிழில் இரண்டு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன், சிங்களத்தில் ஒரு நண்பர் எழுதித் தந்திருக்கிறார். ஒரு ஹோல், ஒரு புரொஜெக்டர், பார்த்து முடித்த பிறகு கதைக்க ஒரு மணித்தியாலம் வேண்டும். கதைக்கத் தொடங்குவது கஷ்டமாக இருந்தால் முதல் ஆளாக நான் எழும்பி என்னுடைய தாளைப் பற்றிச் சொல்கிறேன். சனிக்கிழமைப் பின்னேரங்களில் எனக்கு வேலை இல்லை.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஒரு களஞ்சியசாலை எழுதுவினைஞர்